‘மஸ்ட் ஹேவ்’ என்றால் கண்டிப்பா, ஊகமா?

கேள்விக்குறி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் குழு மின்னஞ்சலில் ஒரு வரி வந்தது: ‘யூ மஸ்ட் ஹேவ் சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே.’ பாதிப் பேர் இதை ‘அறிக்கையைத் திங்கட்கிழமையே அனுப்பியிருக்க வேண்டாமா?’ என்ற கண்டிப்பாகப் படித்தார்கள். மீதிப் பேர் ‘திங்கட்கிழமையே அனுப்பியிருப்பீர்கள்’ என்று நம்பி எழுதியதாகப் படித்தார்கள். கேட்டுப் பார்த்ததில், எழுதியவர் மனத்தில் இருந்தது கண்டிப்புதான்.

எனக்குப் புரியாதது இதுதான். ஷுட் என்றால் அறிவுரை, மஸ்ட் என்றால் கட்டாயம், ஆகவே மஸ்ட் ஒரு படி மேலே என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியானால் ‘ஷுட் ஹேவ் சென்ட்’ மென்மையான குறை, ‘மஸ்ட் ஹேவ் சென்ட்’ கடுமையான குறை என்று வர வேண்டும். ஏன் வரவில்லை? நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
முதலில் நேர் பதில். அந்த வரியை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் படித்தால் அதில் கண்டிப்பு இருப்பதாகத் தோன்றவே தோன்றாது. ‘நிச்சயம் திங்கட்கிழமை அனுப்பியிருப்பீர்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மஸ்ட் செய்யும் வேலை இரண்டு. ‘யூ மஸ்ட் ஸ்டாப்’ என்றால் நிறுத்தியாக வேண்டும். அங்கே ஒரு செயலைக் கட்டாயப்படுத்துகிறோம். ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்றால் களைத்துப் போயிருப்பீர்கள். அங்கே யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறோம். இப்போது யோசித்துப் பாருங்கள். நடந்து முடிந்த ஒன்றை இனிமேல் கட்டாயப்படுத்த வழியில்லை. ஆனால் அதைப் பற்றி ஊகிக்கத் தடை ஏதும் இல்லை. அதனால்தான் மஸ்ட்டுக்குப் பின்னால் ‘ஹேவ் சென்ட்’ வந்து உட்கார்ந்ததும் கட்டாயப் பொருள் விலகிக்கொள்கிறது, ஊகம் மட்டும் நிற்கிறது.

ஷுட் நியாயத்தைப் பேசுகிற சொல். எது சரி, எது எதிர்பார்க்கத்தக்கது என்பதை அது சொல்கிறது. நேற்று நடந்ததையும் நியாயத்தின் முன் நிறுத்தி ‘இது சரியில்லை’ என்று சொல்லலாம் அல்லவா? ஆகவே ‘யூ ஷுட் ஹேவ் சென்ட்’ என்பது குறை சொல்வதாகிறது. மஸ்ட் மேல்படி, ஷுட் கீழ்ப்படி என்று ஒரே ஏணியில் இரண்டையும் வைப்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

கடந்தகாலத்தில் ஒரு கட்டாயம் இருந்தது, அதன்படி செய்தோம் என்றால் ‘ஐ ஹேட் டு சென்ட்’. தமிழில் ‘அனுப்ப வேண்டியிருந்தது’, ‘அனுப்ப வேண்டியதாயிற்று’. கட்டாயம் இருந்தும் செய்யவில்லை என்றால் ‘ஐ ஷுட் ஹேவ் சென்ட்’ அல்லது ‘ஐ வாஸ் சப்போஸ்டு டு சென்ட்’. இரண்டு இடத்திலும் மஸ்ட்டுக்கு வேலை இல்லை.

எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்பதும் தெளிவு. ‘அனுப்பியிருக்க வேண்டும்’ என்ற தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வேண்டும் என்பதற்கு மஸ்ட் என்று மாற்றியிருக்கிறார். தமிழில் அந்த ஒரே வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும். அதனால் மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வாக்கியத்தை ‘அனுப்பியிருப்பீர்கள்’ என்று மாற்றினாலும் பொருள் கெடவில்லை என்றால் மஸ்ட் ஹேவ். வாக்கியத்தோடு ‘ஆனால் அனுப்பவில்லை’ என்று சேர்க்க முடிந்தால் ஷுட் ஹேவ்.

மொழியாக்கி:
வாத்தியார் ஐயாவின் சோதனையை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘மஸ்ட் ஹேவ்’ வந்தால் ஊகம் மட்டும்தான் என்பதில் ஒரு விலக்கு உண்டு. விண்ணப்பப் படிவங்களைப் பாருங்கள்: ‘அப்ளிகன்ட்ஸ் மஸ்ட் ஹேவ் கம்ப்ளீட்டட் டூ இயர்ஸ் ஆஃப் சர்வீஸ்.’ விண்ணப்பதாரர் இரண்டு ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். இதில் ஊகமே இல்லை, சுத்தமான நிபந்தனை.

ஆக ‘முடித்திருக்க வேண்டும்’ என்ற தமிழ் மூன்று பொருள் தருகிறது: முடித்திருப்பார், முடித்திருக்க வேண்டும் ஆனால் முடிக்கவில்லை, முடித்திருந்தால்தான் தகுதி. மொழிபெயர்க்கும்போது இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் கை வைக்கவே கூடாது. ஒப்பந்தம் மாதிரியான ஆவணங்களில் நிபந்தனையை ஊகமாக மாற்றிவிட்டால் பொருளே கவிழ்ந்துவிடும்.

கேள்விக்குறி:
இரண்டு பேருக்கும் நன்றி. மொழியாக்கி அக்கா, நீங்கள் சொன்ன விலக்கை எப்படி அடையாளம் காண்பது? வடிவம் ஒன்றாகத்தானே இருக்கிறது?

பழைய வாத்தியார்:
அவர் சேர்த்தது சரியான சேர்க்கை. அடையாளம் சொல்கிறேன். நிபந்தனையில் பார்வை பின்னால் போவதில்லை. விண்ணப்பிக்கும் அந்த நேரத்தில் வந்து நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறது. ‘வரும்போது முடித்த நிலையில் வா’ என்று இனிமேல் வரப்போகிறவரிடம் சொல்வது அது. அதனால் கட்டாயத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. பெரும்பாலும் எழுவாயும் பொதுவானதாக இருக்கும்: விண்ணப்பதாரர்கள், பயணிகள், உறுப்பினர்கள் என்று. குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு நாள், முடிந்துபோன ஒரு செயல் என்று வந்தால் அது ஊகம். உங்கள் மின்னஞ்சலில் இந்த மூன்றும் இருக்கின்றன.

சொல்வேர்:
மஸ்ட்டுக்கு ஏன் கடந்தகால வடிவம் இல்லை என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. அந்தச் சொல்லே ஒரு கடந்தகால வடிவம்.

பழைய ஆங்கிலத்தில் ‘மோட்டன்’ என்று ஒரு வினை. அனுமதி உண்டு, செய்யலாம் என்பது அதன் பொருள். பிறகு செய்தாக வேண்டும் என்ற பொருளும் வந்தது. அதன் கடந்தகாலம் ‘மோஸ்டெ’. நாளடைவில் இந்த மோஸ்டெ நிகழ்காலத்துக்கும் பயன்பட ஆரம்பித்து மஸ்ட் ஆனது. நிகழ்கால வடிவமான ‘மோட்’ வழக்கொழிந்துவிட்டது. ‘ஸோ மோட் இட் பி’ என்ற பழைய சடங்குத் தொடரில் மட்டும் இன்னும் கேட்கலாம். ஆகட்டும், அப்படியே ஆகுக என்று பொருள்.

ஷல், ஷுட், வில், வுட், கேன், குட், மே, மைட். இந்த இணைகளில் இரண்டாவது எல்லாமே முதலாவதன் கடந்தகாலம்தான். இவற்றில் இருவரும் பிழைத்திருக்கிறார்கள். மஸ்ட் மட்டும் துணையில்லாமல் தனியாக நிற்கிறது. ஏற்கெனவே கடந்தகாலமாக இருக்கிற ஒன்றை மறுபடி கடந்தகாலமாக்க முடியாததால் ‘ஹேட் டு’ என்பதைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

இதன் மிச்சம் ஒன்று இன்றும் இருக்கிறது. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது வில் என்பது வுட் ஆகும், கேன் என்பது குட் ஆகும். மஸ்ட் அப்படியே நிற்கலாம்: ‘ஷீ செட் ஷீ மஸ்ட் லீவ்.’ ‘ஹேட் டு லீவ்’ என்று மாற்றுவதும் சரிதான், ஆனால் மாற்றியே தீர வேண்டும் என்று இல்லை.

தேர்வுக்குத் தயார்:
நான் எதிர்மறையில்தான் மாட்டிக்கொள்கிறேன். ‘மஸ்ட்’ கேள்வியாக வந்தால் ‘நோ, யூ நீடன்ட்’ என்று பதில் எழுதச் சொல்கிறார்கள். அப்படியானால் மஸ்ட் நாட் எதற்கு இருக்கிறது? யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா?

மொழியாக்கி:
இதற்குத் தமிழ் வழியாகப் போனால் ஒரு நிமிட வேலை, கவலையே வேண்டாம்.

‘போக வேண்டும்’ என்பதைத் தமிழில் எப்படியெல்லாம் மறுக்கலாம்? ‘போகக் கூடாது’ என்றால் தடை. ‘போக வேண்டியதில்லை’ என்றால் கட்டாயம் நீங்கிவிட்டது. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. இரண்டுக்கும் நடுவில் ‘போக வேண்டாம்’ இருக்கிறது. அது சொல்பவரின் குரலைப் பொறுத்துத் தடையாகவும் இருக்கலாம், விடுவிப்பாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நாட்’ முதலாவது, கூடாது. ‘நீடன்ட்’ அல்லது ‘டோன்ட் ஹேவ் டு’ இரண்டாவது, வேண்டியதில்லை. ‘மஸ்ட் ஐ கோ?’ என்று கேட்பவர் தடை இருக்கிறதா என்று கேட்கவில்லை, கட்டாயம் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்பவர் கட்டாயத்தை நீக்குகிறார், ஆகவே ‘நோ, யூ நீடன்ட்’. ‘நோ, யூ மஸ்ட் நாட்’ என்று பதில் சொன்னால், போகவே கூடாது என்று புதிதாக ஒரு தடை போட்டதாகிவிடும். பேச்சில் இன்று ‘நோ, யூ டோன்ட் ஹேவ் டு’ என்பதுதான் அதிகம் கேட்கிறது.

கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் வேண்டாம்தான். ‘நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்’ என்ற வரியை மொழிபெயர்க்கக் கொடுத்தால் உடனே எழுதாதீர்கள். கையெழுத்துத் தேவையில்லையா, போட்டால் தவறா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது.

ஜெர்மன் படிக்கிறேன்:
இதே இடத்தில் ஜெர்மன் படிப்பவர்களுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. மஸ்ட்டுக்கு உறவான ஜெர்மன் வினை ‘ம்யூஸன்’. ‘டு முஸ்ட் நிஹ்ட் கேஹன்’ என்பதைக் கேட்டால் அப்படியே ஆங்கில ‘யூ மஸ்ட் நாட் கோ’ போலத் தெரியும். ஆனால் பொருள் ‘நீ போக வேண்டியதில்லை’. போகக் கூடாது என்று சொல்ல ‘டார்ஃப்ஸ்ட் நிஹ்ட்’ என்று வேறு வினை வேண்டும். ஒரே குடும்பத்து மொழிகள் இரண்டிலும், மறுப்புச் சொல் எதை மறுக்கிறது என்பது மாறிவிடுகிறது: ஜெர்மனில் கட்டாயத்தை, ஆங்கிலத்தில் செயலை.

சொல்வேர்:
நல்ல ஒப்பீடு. மோட்டன் முதலில் அனுமதியைக் குறித்தது என்று மேலே எழுதினேன். அனுமதியை மறுத்தால் கிடைப்பது தடைதானே? மஸ்ட் நாட் இன்றும் தடையாக இருப்பது அந்தப் பழைய பொருளோடு ஒத்துப்போகிறது என்பது என் பார்வை.

தேர்வுக்குத் தயார்:
மொழியாக்கி அக்கா, கூடாது, வேண்டியதில்லை என்று சொன்னதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. அப்புறம் ஊகத்தின் எதிர்மறை? ‘ஹீ மஸ்ட் பி அட் ஹோம்’ என்பதை மறுத்தால்?

பழைய வாத்தியார்:
‘ஹீ கான்ட் பி அட் ஹோம்.’ வீட்டில் இருக்க முடியாது, இருக்க வாய்ப்பே இல்லை. நடந்து முடிந்ததற்கு ‘ஹீ கான்ட் ஹேவ் சீன் இட்’. தேர்வில் இதையே எழுதுங்கள். அமெரிக்கர்கள் ‘ஹீ மஸ்ட் நாட் பி அட் ஹோம்’ என்றும் சொல்வார்கள். விளக்கு எரியவில்லை, அதனால் வீட்டில் இல்லை போலிருக்கிறது என்ற பொருளில். அதைக் கேட்டால் தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நெறிமுறை:
மஸ்ட், ஷுட் வேறுபாடு உயிர்நாடியாக இருக்கும் ஒரு துறையைப் பற்றிச் சொல்கிறேன். இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றோடு பேசுவதற்கான விதிகளை ஆர்எஃப்சி என்ற ஆவணங்களில் எழுதுகிறார்கள். அவற்றில் இந்தத் துணைவினைகளுக்கு என்ன பொருள் என்பதை வரையறுக்கவே 1997இல் ஸ்காட் பிராட்னர் ஓர் ஆவணம் எழுதினார், ஆர்எஃப்சி 2119. அதன்படி மஸ்ட் என்றால் முழுக் கட்டாயம். அதைச் செய்யாத மென்பொருள் அந்த விதியைப் பின்பற்றுவதாகக் கருதப்படாது, அவ்வளவுதான். ஷுட் என்றால், தகுந்த காரணம் இருந்தால் விலகலாம். ஆனால் விலகினால் என்ன ஆகும் என்பதை முழுக்கத் தெரிந்துகொண்டு விலக வேண்டும். மே என்றால் உண்மையிலேயே விருப்பம்.

இதில் இன்னொரு செய்தி. அந்தச் சொற்கள் சாதாரண வாக்கியங்களிலும் வருமே, அங்கேயும் இதே கனமா என்று குழப்பம் இருந்தது. 2017இல் ஆர்எஃப்சி 8174 வந்து, முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டும்தான் இந்தச் சிறப்புப் பொருள் என்று தெளிவாக்கியது. எழுத்தின் அளவை வைத்துப் பொருள் மாறுகிறது!

பிரிட்டனின் சாலை விதி நூலான ‘ஹைவே கோட்’டும் இதே வழியில்தான் போகிறது. பெரிய எழுத்தில் மஸ்ட், மஸ்ட் நாட் என்று இருந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். ஷுட் என்று இருந்தால் மீறியதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. ஆனால் விபத்து வழக்கு வந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

தர்க்கம்:
ஆனால் எல்லாத் துறையும் மஸ்ட்டையே எடுத்துக்கொள்ளவில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலைகளில் கட்டாயத்துக்குரிய சொல் ஷல். மஸ்ட்டை அதற்குப் பதிலாக எழுதக் கூடாது என்பது அவர்கள் விதி. நாட்டுச் சட்டம், இயற்கை விதி போன்று வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டைக் குறிக்க மட்டும் மஸ்ட். சட்ட எழுத்தில் போக்கு நேர் எதிர். அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோது ஷல்லை எடுத்துவிட்டு, கட்டாயம் வருகிற இடங்களில் மஸ்ட் போட்டார்கள். ஷல் சில இடத்தில் கட்டாயம், சில இடத்தில் எதிர்காலம், சில இடத்தில் வெறும் அறிவிப்பு என்று பல பொருளில் புழங்கியதுதான் காரணம்.

இதையெல்லாம் ஒரே ஆள் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த ஆவணத்தைப் படிக்கிறீர்களோ அதன் முன்பக்கத்தில் இந்தச் சொற்களுக்குத் தரும் வரையறையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

கேள்விக்குறி:
ஹேவ் டு பற்றியும் கேட்டுவிடுகிறேன். பேசுபவர் தன் அதிகாரத்தில் சொன்னால் மஸ்ட், வெளியிலிருந்து வரும் கட்டாயம் என்றால் ஹேவ் டு என்று படித்தேன். இது உண்மைதானா?

பழைய வாத்தியார்:
பெருமளவு உண்மை. ‘ஐ மஸ்ட் ரைட் டு ஹர்’ என்றால் எழுத வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது, மனம் உந்துகிறது. ‘ஐ ஹேவ் டு ரைட் டு ஹர்’ என்றால் நிலைமை அப்படி. தமிழில் ‘எழுதணும்’ என்பதற்கும் ‘எழுத வேண்டியிருக்கிறது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதில் ‘வேறு வழியில்லை’ என்ற சலிப்பும் கொஞ்சம் ஒலிக்கும்.

தர்க்கம்:
ஐயா, இதை விதியாகக் கொடுத்தால் படிப்பவர்கள் சிரமப்படுவார்கள் என்று நினைக்கிறேன். அறிவிப்புப் பலகைகளில் உள்ள மஸ்ட் எல்லாம் வெளியிலிருந்து வரும் கட்டாயம்தானே? ‘ஹெல்மெட்ஸ் மஸ்ட் பி வோர்ன்’ என்பதில் பேசுபவர் என்று ஒருவரே இல்லை. மறுபுறம், தாய் குழந்தையிடம் ‘யூ ஹேவ் டு ஸ்லீப் நவ்’ என்கிறாள், அது அவளுடைய அதிகாரம்தான்.

பழைய வாத்தியார்:
பலகை எழுதிய நிர்வாகம்தான் அங்கே பேசுகிறது. தன் அதிகாரத்தில் சொல்கிறது. அதே பலகையைப் படித்துவிட்டு நான் உங்களிடம் சொன்னால் ‘வீ ஹேவ் டு வேர் ஹெல்மெட்ஸ்’ என்பேன். தாய் சொல்வதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பேச்சில் ஹேவ் டு இரண்டு பக்கமும் பரவிவிட்டது. அதனால் கேட்கும்போது இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எதிர்பார்க்காதீர்கள், எழுதும்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

தர்க்கம்:
அப்படிச் சொன்னால் ஏற்கிறேன். பரவல் பற்றிச் சான்றும் உண்டு. 1961ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அச்சு ஆங்கிலத்திலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைத் திரட்டி ‘லாப்’ என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். அதே அமைப்பில் 1991க்கு ‘எஃப்லாப்’ வந்தது. மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் முதலானவர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது மஸ்ட் தெளிவாகக் குறைந்திருந்தது. அமெரிக்க ஆங்கிலத்திலும் இதே போக்கு. மேலிருந்து கட்டளையிடும் தொனியை மக்கள் விரும்பாமல் போனதும் ஒரு காரணம் என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

மொழியாக்கி:
தொனி என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மஸ்ட் எப்போதும் அதட்டல் என்று பயந்து பலர் அதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் மிகவும் அன்பான வாக்கியங்கள் சில மஸ்ட்டில்தான் வருகின்றன. விருந்தினர் கிளம்பும்போது ‘யூ மஸ்ட் கம் அகெய்ன்’ என்பார்கள். அதையே ‘யூ மே கம் அகெய்ன்’ என்றால் அனுமதி கொடுக்கும் திமிர் தெரியும். ‘யூ குட் கம் அகெய்ன்’ என்றால் வந்தால் வா என்பது போல இருக்கும். மஸ்ட் என்பதில்தான் ‘அவசியம் வரணும், இல்லையென்றால் விட மாட்டேன்’ என்ற நம் உபசாரம் இருக்கிறது.

எப்போது அதட்டல், எப்போது அன்பு? செயலால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். ‘யூ மஸ்ட் ரீட் திஸ் புக்’ என்றால் நன்மை கேட்பவருக்கு. வற்புறுத்த வற்புறுத்த அன்பு கூடுகிறது. ‘யூ மஸ்ட் ரிப்ளை டுடே’ என்றால் நன்மை சொல்பவருக்கு. அங்கே மஸ்ட் உறுத்தும். அலுவலகக் கடிதத்தில் இரண்டாவது வகை வந்தால் ‘குட் யூ ப்ளீஸ்’ என்றோ ‘வீ நீட் யுவர் ரிப்ளை டுடே’ என்றோ மாற்றுவேன்.

கேள்வியாக வரும்போதும் கவனம் வேண்டும். ‘மஸ்ட் யூ ஸ்மோக் ஹியர்?’ என்பது தகவல் கேட்கும் கேள்வி இல்லை. ‘இங்கேதான் புகைக்கணுமா?’ என்று நாம் முகம் சுளித்துக் கேட்போமே, அதுவேதான். ‘இஃப் யூ மஸ்ட்’ என்றால் ‘செய்துதான் ஆவேன் என்றால் செய்’ என்ற அரை மனது. ஆனால் ‘ஐ மஸ்ட் சே’ என்று தொடங்குபவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை என்கிறார். பாராட்டிலும் வரும், குறையிலும் வரும்.

தேர்வுக்குத் தயார்:
இவ்வளவு பொருளையும் தனித்தனியாக நினைவில் வைப்பது கடினமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கோக்கும் ஒரு சரடு இருக்கிறதா?

தர்க்கம்:
இருக்கிறது. ஆங்கேலிகா க்ராட்சர் என்ற மொழியியலாளர் 1977இல் இதைத்தான் வாதிட்டார். மஸ்ட்டுக்குப் பல பொருள் இல்லை, பொருள் ஒன்றுதான்; எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். தமிழில் ‘வைத்துப் பார்த்தால்’ என்று ஒரு தொடர் இருப்பது நமக்கு வசதி. சட்டத்தை வைத்துப் பார்த்தால் இதைத் தவிர வேறு வழியில்லை: அது கட்டாயம். கண்ணில் படும் சான்றை வைத்துப் பார்த்தால் இதைத் தவிர வேறு முடிவில்லை: அது ஊகம். உங்கள் மேல் உள்ள அன்பை வைத்துப் பார்த்தால் நீங்கள் வராமல் இருக்கவே முடியாது: அது மொழியாக்கி சொன்ன உபசாரம். ‘இதைத் தவிர வேறில்லை’ என்ற மையம் மூன்றிலும் அப்படியே இருக்கிறது.

ஆகவே மஸ்ட் கண்ணில் பட்டால் வேண்டும் என்று உடனே மாற்றாமல், ‘எதை வைத்துச் சொல்கிறார்?’ என்று கேளுங்கள். பதில் வாக்கியத்துக்கு வெளியில்தான் பெரும்பாலும் இருக்கும். ‘ஹீ மஸ்ட் வொர்க் ஹார்ட்’ என்பதைத் தனியாகக் கொடுத்தால் யாராலும் பொருள் சொல்ல முடியாது. மதிப்பெண் குறைந்த மாணவனைப் பற்றி என்றால் அவன் உழைக்க வேண்டும். முதலிடம் வந்தவனைப் பற்றி என்றால் அவன் நன்றாக உழைக்கிறவனாக இருக்கும்.

கேள்விக்குறி:
இது அருமையாக இருக்கிறது. ஆனால் ஊகம் என்ற சொல் எனக்கு இடிக்கிறது. ‘வேறு முடிவில்லை’ என்றால் அது உறுதிதானே? உறுதியாகத் தெரிந்தால் மஸ்ட் எதற்கு?

தர்க்கம்:
மொழியியலில் இன்னும் ஓயாத விவாதம் இது. வெளியே நின்று மழையில் நனைகிறவர் ‘இட் மஸ்ட் பி ரெய்னிங்’ என்று சொல்ல மாட்டார். ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பார். ஜன்னலே இல்லாத அறையில் இருப்பவர், உள்ளே வருகிறவர்கள் கையில் ஈரக் குடையைப் பார்த்துவிட்டுத்தான் ‘மஸ்ட் பி ரெய்னிங்’ என்பார். மஸ்ட் போட்டால் வாக்கியம் பலவீனமாகிறது என்று 1972இல் லவுரி கார்ட்டுனன் எழுதினார். 2010இல் ஃபான் ஃபின்டெல், கில்லிஸ் இருவரும் மறுத்தார்கள்: உறுதி குறையவில்லை, நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும்தான் மஸ்ட் காட்டுகிறது என்றார்கள்.

எனக்கு இரண்டாவது வாதம்தான் சரியாகப் படுகிறது. பந்து மூன்று பெட்டிகளில் ஒன்றில் இருக்கிறது, முதல் இரண்டைத் திறந்து பார்த்தாயிற்று, இல்லை என்றால், ‘தென் இட் மஸ்ட் பி இன் த தேர்ட்’ என்கிறோம். அதில் சந்தேகம் துளியும் இல்லை. மூன்றாவதை இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். நம் ‘இருக்கும்’ கொஞ்சம் மென்மையானது. ‘இருந்தாக வேண்டும்’ என்பதுதான் இந்த மஸ்ட்டுக்கு நெருக்கம்.

பழைய வாத்தியார்:
ஊகம் பற்றி இன்னொன்று, தேர்வு எழுதுகிறவர்களுக்கு. இனி நடக்கப்போகும் நிகழ்ச்சியை மஸ்ட் வைத்து ஊகிக்க முடியாது. ‘இட் மஸ்ட் ரெய்ன் டுமாரோ’ என்றால் நாளை மழை பெய்தாக வேண்டும் என்று இயற்கைக்கு உத்தரவு போடுவது போல ஆகிவிடும். ‘இட் இஸ் பவுண்ட் டு ரெய்ன்’, ‘இட் வில் சர்ட்டன்லி ரெய்ன்’ என்று எழுதுங்கள்.

அப்புறம் வடிவம். மஸ்ட்டுக்குப் பின்னால் ‘டு’ வராது. ஹீ, ஷீ வந்தாலும் ‘எஸ்’ என்ற வால் சேராது. ‘வில் மஸ்ட்’ என்று இரண்டு துணைவினை அடுத்தடுத்து நிற்காது. எதிர்காலத்துக்கு ‘வில் ஹேவ் டு’. இவ்வளவு தெரிந்தால் போதும்.

தேர்வுக்குத் தயார்:
மிக்க நன்றி ஐயா. கடைசியாக உச்சரிப்பு. மஸ்ட் நாட்டைச் சேர்த்துச் சொல்லும்போது ‘மஸ்டன்ட்’ என்று சொல்வது சரியா? செய்தியில் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

மொழியாக்கி:
முதல் ‘ட்’ ஒலிக்காது, ‘மஸ்ஸன்ட்’ என்பதுதான் சரி. தனி மஸ்ட்டிலும், பின்னால் மெய்யொலி வந்தால் ‘ட்’ அநேகமாக விழுங்கப்படும். ‘ஐ மஸ் கோ’ என்றுதான் காதில் விழும். ‘மஸ்ட் ஹேவ்’ வேகத்தில் ‘மஸ்டவ்’ ஆகும். அந்த ‘அவ்’ ஒலியைக் கேட்டு ஆங்கிலேயர்களே சிலர் ‘மஸ்ட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்து எழுதாதீர்கள்; அங்கே இருப்பது ஹேவ்தான்.